காத்தவர்களின் நெஞ்சைக் காப்பது யார் கடன்?

(கொள்ளைநோய்க் காலத்திலே வைத்தியசாலை ஊழியர் சுமந்த மனச்சுமை பற்றி, யாழ்ப்பாணத்தில் அண்மையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கொரோனாக் கொள்ளைநோயினால் விளைந்த உலக அவசரநிலை முடிவடைந்தது என உலகச் சுகாதார ஸ்தாபனம் 2023 மே மாதம் 5 ஆம் நாள் அறிவித்தது. கடைத்தெருவிலே முகக்கவசம் அணிந்து செல்பவரை இன்று நாம் திரும்பிப் பார்க்கின்றோம். முடிந்துபோன கதையை மேடையேற்றி இப்பொழுது ஏன் பேசவேண்டும் என்று கேட்பவர்கள் இக்கூட்டத்திலும் இருக்கக்கூடும். அக்கேள்விக்கு விடை சொல்லிவிட்டே மேலே செல்ல விரும்புகின்றேன்.

நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறி வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரிலே 2003 ஆம் ஆண்டில் சார்ஸ் என்னும் நோய் பரவியது. கொரோனாவுக்கு நெருங்கிய உறவினது அது. ஏறத்தாழ 375 பேர் நோயுற்றனர். 44 பேர் மாண்டனர். நோயுற்றோருட் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வைத்தியத் துறையில் வேலை செய்தவர்களே. சில மாதங்களில் நோய் அடங்கிவிட்டது. நகரம் தன் வழமையான அலுவல்களுக்குத் திரும்பியது. ஆனால், நோய் அடங்கி ஓராண்டு முதல் ஈராண்டு வரை சென்ற பின்னர், அந்நோயாளரைப் பராமரித்த வைத்தியசாலைகளின் ஊழியரையும், அயலிலே அந்நோய் வராத நகரத்து வைத்தியசாலைகளின் ஊழியரையும் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுப் பார்த்தனர். நோயைக் கண்ட ஊழியரிடத்தே களைப்பும் மனத்துயரும் மிகுந்திருந்தன. அவர்களிற் பலர் நோயாளரோடு செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தனர். உடலைத் தாக்கும் கிருமி போன பின்னரும் உள்ளத்திலே பட்ட அடி நின்றது என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமா? ஆகவே நான் பேசுவது முடிந்துபோன கதையன்று. இங்கே அமர்ந்திருக்கும் பலரின் நெஞ்சிலே இன்றும் நடந்துகொண்டிருக்கும் கதை.

நான் வைத்தியம் கற்றவன் அல்லன். அரசியல் மேடையிலே நிற்பவனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று கேட்டால், வைத்தியசாலை அரசாங்கத்தினுடையது, ஊழியர் அரசாங்க ஊழியர், அவர்களுக்கு இடப்பட்ட கட்டளைகளும் அரசாங்கத்தின் கட்டளைகள் என்பதே என் மறுமொழி.

நிகழ்ச்சிகளைச் சற்று நினைவூட்டுகின்றேன். 2020 ஜனவரி 27 ஆம் நாள் இலங்கையின் முதலாவது கொரோனா நோயாளியாகச் சீனச் சுற்றுலாப் பெண்ணொருவர் அடையாளங் காணப்பட்டார். அங்கொட தொற்றுநோய் வைத்தியசாலையிலே சிகிச்சை பெற்று அவர் நலமுடன் நாடு திரும்பினார். மார்ச் மாதத்தில் உள்ளூர் நோயாளர் தோன்றினர். 20 ஆம் நாள் ஊரடங்கு வந்தது. 28 ஆம் நாள் முதல் மரணம் நிகழ்ந்தது. ஒக்டோபரிலே மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலிருந்து இரண்டாவது அலை எழுந்தது. 2021 ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் டெல்டா என்னும் திரிபு நாட்டை உலுக்கியபோது, ஒரே நாளில் 200 க்கு மேற்பட்ட மரணங்கள் அறிவிக்கப்பெற்ற நாள்களும் இருந்தன. மொத்தத்தில் 16 ஆயிரத்துக்கு மேற்பட்டோரை இந்நாடு இழந்தது. அவர்களுள் மிகப் பலருடைய கடைசி மூச்சைக் கண்டவர்கள் பெற்ற பிள்ளைகள் அல்லர், கட்டிய மனைவியர் அல்லர். தலை முதல் கால் வரை பிளாஸ்ரிக் கவசத்தால் மூடப்பட்ட, முகந்தெரியாத ஊழியர்களே.

அக்கவச உடையைப் பற்றி நாம் சிந்தித்ததுண்டா? நம் நாட்டு வெயிலிலே, குளிரூட்டி இல்லாத விடுதியிலே, காற்றுப் புகாத அந்த உடைக்குள் ஆறு மணி நேரமும் எட்டு மணி நேரமும் நிற்பது எத்தகையது? தண்ணீர் குடிக்கவேண்டுமாயின் உடையைக் கழற்றவேண்டும். கழற்றும் வேளையே கிருமி தொற்றக்கூடிய பெரும் ஆபத்து வேளை. ஆதலால் தாகத்தை அடக்கினர்; சிறுநீரை அடக்கினர்; மாதவிடாய் நாள்களில் பெண்கள் பட்டபாடு சொல்லுந்தரமன்று. இது உடலின் துன்பம் என்று நீங்கள் எண்ணலாம். ஆயினும், உடை மறைத்த இன்னொன்று உண்டு. தாதி என்பவள் புன்முறுவலாலும் கைத்தொடுகையாலுமே பாதி நோயை ஆற்றுபவள். அவளுடைய முகத்தையும் கையையும் அந்த உடை பறித்துக்கொண்டது. மூச்சுத் திணறும் முதியவருக்கு முன்னே நின்று, “ஐயா, பயப்படாதேயுங்கோ” என்று முகக்கவசத்துக்குள் இருந்து உரக்கக் கத்தவேண்டிய நிலை. ஆறுதலான சொல்லை அதட்டலைப் போலச் சொல்ல நேர்ந்தவளுடைய மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

தொற்று எந்த நேரத்திலும் தன்னையே பற்றிக்கொள்ளும் என்ற அச்சம் மற்றொரு புறம். 2021 ஜனவரி 29 ஆம் நாள்தான் இந்நாட்டிலே தடுப்பூசி ஏற்றும் பணி தொடங்கியது. சுகாதார ஊழியருக்கு முதலிடம் தரப்பட்டது, அது முறையே. ஆனால், அதற்கு முன்னர் ஓராண்டுக் காலம் அவர்கள் வெறுங்கையராய் நின்றனர். தடுப்பூசி தொடங்கிய சில நாள்களுக்குள், பெப்ரவரியிலே, இராகம வைத்தியசாலையில் கடமையாற்றிய 32 வயது வைத்தியர் ஒருவர் இந்நோய்க்குப் பலியானார். இந்நாட்டில் கொரோனாவால் மாண்ட முதல் வைத்தியர் அவரே. உலகம் முழுவதிலும் 2020 ஜனவரி முதல் 2021 மே வரையிலான காலத்தில் மட்டும் ஏறத்தாழ 1,15,500 சுகாதார ஊழியர் இந்நோயால் இறந்திருக்கலாம் என உலகச் சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. ஒரு பெரும் போரிலே மாண்ட படையினரின் தொகையைப் போன்றது இத்தொகை. அவர்களுக்கு எழுப்பப்பட்ட தூபிகள் எத்தனை?

இனி, சொல்லக் கூசும் ஒரு விடயத்துக்கு வருகின்றேன். நோய்க்கு அஞ்சிய ஊழியருக்கு நாம் ஆறுதல் கூறினோமா? கூறவில்லை. அவர்களுக்கு நாம் அஞ்சினோம்! என் அயலிலே வாழும் தாதியொருவர் கொரோனா விடுதியிலே கடமை செய்துவிட்டு வந்த நாள்களில், பங்குக் கிணற்றிலே தண்ணீர் அள்ள வேண்டாமென அவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். சொல்லி அனுப்பியவர்கள் அந்நியரல்லர். அதே கிணற்றிலே அவருடன் கூடித் தண்ணீர் அள்ளி வளர்ந்தவர்கள். அவர் பேசாமல் இரண்டு வாளிகளை வாங்கி வைத்துக்கொண்டு, தம்பி கொண்டுவந்து படலையடியில் வைக்கும் தண்ணீரிலே முழுகினார். பிள்ளைகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தனித் தட்டிலே, தனி அறையிலே பல வாரங்கள் உண்டு உறங்கினார். பின்னொரு நாள் இதனை எனக்குச் சொன்னபோது, நோயாளர் இறந்ததைச் சொல்லுகையிலே கலங்காத அவருடைய கண்கள் கிணற்றுக் கதையைச் சொல்லுகையிலே கலங்கின.

அன்பர்களே! பங்குக் கிணற்றிலே ஒருவரை அள்ளவிடாமல் தடுக்கும் வித்தையை நாம் கொரோனாவிடம் கற்கவில்லை. அது நமக்குப் பழைய வித்தை. கிணற்றிலும் கோவிலிலும் தேநீர்க்கடையிலும் மனிதனை மனிதன் ஒதுக்குவதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் நிறைவேறியது. சட்டம் வந்தும் மனம் மாறவில்லை என்பதைக் கொரோனா நமக்குக் காட்டித் தந்தது. வைத்தியசாலைகளிலே மலசலகூடம் கழுவுபவரும், கழிவு அள்ளுபவரும், பிரேத அறையிலே உழைப்பவரும் பெரும்பாலும் எச்சமூகங்களிலிருந்து வருகின்றனர் என்பதை நான் இங்கே விளக்கவேண்டியதில்லை. தாதியருக்குச் சில மாதம் நேர்ந்த ஒதுக்கலை அவர்கள் ஆயுள் முழுதும் அறிந்தவர்கள். கொள்ளைநோய்க் காலத்தில் அவர்களுக்கு அது இரட்டிப்பாயிற்று. மனச்சுமை பற்றிப் பேசும் கூட்டங்களிலே வைத்தியரைப் பற்றிப் பேசுகிறார்கள். தாதியரைப் பற்றிப் பேசுகிறார்கள். சிற்றூழியரின் நெஞ்சுக்குள்ளும் ஏதேனும் நிகழ்ந்திருக்கும் என்று நினைப்பவர் மிகச் சிலர். வடமாகாணத்திலே பல்லாண்டுகள் ஊதியமின்றியும் அற்ப ஊதியத்துடனும் உழைத்த சுகாதாரத் தொண்டர்கள், கொள்ளைநோய்க்கு நடுவே 2021 ஆம் ஆண்டிலே நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவோரத்திற் பந்தலிட்டு இருந்ததை யாழ்ப்பாணம் கண்டது. நாளை வேலை இருக்குமோ என்று அறியாதவன் இன்று உயிரைப் பணயம் வைத்தான் என்பதே அதன் பொருள்.

ஒதுக்கும் நோய் நமக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த சென்னையிலே 2020 ஏப்ரல் 19 ஆம் நாள் நரம்பியல் அறுவை வைத்தியர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். அவருடைய உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களைக் கூட்டமொன்று கல்லாலும் தடியாலும் தாக்கியது. அம்புலன்ஸ் ஓட்டுநர்களின் மண்டை உடைந்தது. நள்ளிரவு கடந்த வேளையில், அவருடைய சக வைத்தியரான பிரதீப்குமார், வைத்தியசாலை ஊழியர் இருவரோடு மீண்டும் மயானத்துக்குச் சென்று, தம் கையாலேயே மண்ணைத் தள்ளி நண்பனை அடக்கம் செய்தார். அறுவைக் கத்தி பிடித்த கை மண்வெட்டி பிடித்தது. மூன்று நாள்களுக்குள் இந்திய அரசு 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, சுகாதார ஊழியரைத் தாக்குவோருக்கு ஏழாண்டு வரை சிறை என ஆணை பிறப்பித்தது. வள்ளுவனை ஈன்ற மண்ணிலே இதற்கொரு சட்டம் தேவைப்பட்டதே என்று தலைகுனியும் உரிமை, பங்குக் கிணற்றை மூடிய நமக்கும் உண்டு.

இவையெல்லாம் அச்சத்தாலும் களைப்பாலும் அவமதிப்பாலும் வந்த துன்பங்கள். இவற்றினும் ஆழமான ஒன்று உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரருக்குச் சிகிச்சை அளித்த யொனதன் ஷே என்னும் அமெரிக்க மனநல வைத்தியர், அச்சத்தால் விளையும் மனவடுவிலிருந்து வேறான ஒரு காயத்தை அவர்களிடத்தே கண்டார். சரியென்று தாம் நம்பியதற்கு மாறாகச் செய்யும்படி மேலிருந்தவர்கள் பணித்தமையால் உண்டான காயம் அது. மனச்சான்றிலே பட்ட காயம் என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். ஒரே ஒட்சிசன் கருவிக்கு இரண்டு நோயாளர் காத்திருக்கையிலே யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தவனுக்கு அக்காயம் உண்டு. கண்ணாடிக்கு அப்பால் நின்று கெஞ்சும் மகளை உள்ளே விடாமல் தடுத்தவளுக்கு உண்டு. விதிப்படியே நடந்தேன் என்று அறிவு சொல்லும், நெஞ்சு கேளாது.

அரசாங்கமே வலிந்து உண்டாக்கிய காயமொன்று இலங்கையிலே உண்டு. அதனைச் சொல்லாமல் நான் இம்மேடையை விட்டு இறங்கினால் என் கடமையிலிருந்து தவறியவனாவேன். கொரோனாவால் இறந்தவர்களைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் மாதத்திலேயே அறிவுறுத்தியிருந்தது. ஆயினும் இந்நாட்டு அரசாங்கம் 2020 ஏப்ரலிலே வர்த்தமானி வெளியிட்டு, எல்லா உடல்களையும் எரித்தே தீரவேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. முஸ்லிம் மக்களின் மார்க்கத்தை மிதித்த அந்தக் கட்டளையை வீடு வீடாகச் சென்று அறிவித்தவர் அமைச்சர் அல்லர். நிபுணர் குழுவினரும் அல்லர். வைத்தியசாலையின் வாசலிலே நின்று, “உங்கள் தந்தையின் உடலைத் தரமாட்டோம்” என்று சொன்னவர் சாதாரணச் சுகாதார உத்தியோகத்தர். 2020 டிசெம்பரிலே கொழும்பில் பிறந்து இருபது நாளேயான பச்சிளங்குழந்தையின் உடல் பெற்றோரின் இசைவின்றி எரியூட்டப்பட்டபோதும், அக்குழந்தையைக் கையிலே ஏந்திச் சென்றவர் எவரோ ஒரு ஊழியர்தானே! அவர் எம்மதத்தவராயினும் ஆகுக. அன்று இரவு அவர் எப்படி உறங்கியிருப்பார்?

2021 பெப்ரவரி இறுதியிலே, உலகத்தின் கண்டனத்துக்குப் பின்னர், அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச் மாதம் முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியிலே, நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். எரித்ததற்கு மன்னிப்புக் கேட்க 2024 யூலையிலே அமைச்சரவை தீர்மானித்தது. முஸ்லிம் மக்களிடம் கேட்டது முறை. அந்தக் கொடுமைக்குக் கருவியாக்கப்பட்ட ஊழியரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் தோன்றவில்லை.

அதே காலத்தில் ஆட்சியிலிருந்தோர் என்ன செய்துகொண்டிருந்தனர்? நோய் தீரவேண்டுமென மந்திரித்த நீர்க்குடங்களை 2020 நவம்பரிலே ஆற்றில் இட்டார் சுகாதார அமைச்சர். கேகாலையிலே ஒருவர் காய்ச்சிய தேன்பாணியை அருந்தியும் காட்டினார். அடுத்த ஜனவரியிலே அவருக்கே நோய் கண்டது. அவர் நலம் பெற்றதில் எமக்கு மகிழ்ச்சியே. அவரைக் காத்தது குடமும் அன்று, பாணியும் அன்று, ஊழியரின் உழைப்பு. நோயைத் தடுக்கும் நடவடிக்கைகளுக்குத் தலைமை வகிக்க இராணுவத் தளபதி நியமிக்கப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. 2009 ஆம் ஆண்டிலே படையினரின் வாகனங்களில் ஏற்றப்பட்டுச் சென்ற உறவினர் என்னவாயினர் என்று இன்றுவரை அறியாத வன்னித் தாயொருத்தியின் வாசலிலே, நோயுற்ற மகனை ஏற்றிச் செல்ல மீண்டும் படை வாகனம் வந்து நின்றபோது, அவளுடைய கூக்குரலுக்கு மறுமொழி சொல்லவேண்டியிருந்தவர் பக்கத்திலே நின்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சுகாதாரக் கல்லூரியிலே இதற்குப் பயிற்சி கொடுப்பதில்லை.

மொழியின் கதையோ தனிக்கதை. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்தும், கொழும்பின் தொடர்மாடிகளிலிருந்தும், கிழக்கிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்பேசும் நோயாளர், தமிழ் அறியாத வைத்தியசாலைகளிலே கிடந்தனர். உறவினர் உள்ளே வரக்கூடாது; உடனிருந்து மொழிபெயர்க்க எவருமில்லை. சாகும் தறுவாயில் ஒருவர் ஏதோ சொல்லுகிறார். கேட்டுநிற்கும் தாதிக்கு அது விளங்கவில்லை. சொன்னவருக்கு அது துன்பம். விளங்காத சிங்களத் தாதிக்கும் அது துன்பமே, அவளும் பெண்ணன்றோ! வடக்கிலே பணிக்கு அனுப்பப்பட்ட தென்னிலங்கைத் தாதியரும் இதே துன்பத்தை மறுதலையாக அனுபவித்தனர். 1956 இல் இயற்றிய மொழிச் சட்டத்தின் நஞ்சு அதிதீவிர சிகிச்சைப் பிரிவு வரை பாய்ந்திருக்கின்றது. 1987 இலே தமிழும் அரசகரும மொழி என அரசியலமைப்பிற் பொறிக்கப்பட்டது. பொறித்த எழுத்து நோயாளியின் கட்டிலருகே இன்னும் வந்து சேரவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், மானிப்பாயிலே அமெரிக்கரான வைத்தியர் கிறீன், தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைக் கற்பித்து, தமிழ் நூல்களை ஆக்கி, தமிழ் வைத்தியரை உருவாக்கினார். கடல் கடந்து வந்த பாதிரிமாருக்கு இயன்றது கொழும்புச் சுகாதார அமைச்சுக்கு இயலவில்லை!

இத்துன்பங்கள் என் கற்பனையல்ல. 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே சீனாவில் 34 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 1,257 ஊழியரை ஆராய்ந்தபோது, பாதிப்பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், நூற்றுக்கு 44 பேரிடம் பதற்றமும், 34 பேரிடம் உறக்கமின்மையும் காணப்பட்டன. பெண்கள், தாதியர், நோயாளரை நேரே பராமரித்தோர் ஆகியோரையே துன்பம் அதிகமாகப் பற்றியிருந்தது. அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலே அவசர சிகிச்சைப் பிரிவொன்றின் பொறுப்பு வைத்தியராயிருந்த லோர்னா பிறீன் அம்மையார், தாமும் நோயுற்றுத் தேறி, முழுமையாகத் தேறுமுன்னரே கடமைக்குத் திரும்பி, 2020 ஏப்ரல் 26 ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதாகத் தெரிந்தால் வைத்தியம் செய்யும் அனுமதியை இழந்துவிடுவோமோ என்று அவர் அஞ்சியதாக அவருடைய குடும்பத்தார் வெளிப்படையாகக் கூறினர். அவருடைய பெயராலேயே 2022 மார்ச்சில் அந்நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. சுகாதார ஊழியரின் மனநலத்துக்கென நிதி ஒதுக்குவது அச்சட்டம்.

நம் நாட்டிலே இத்தகைய சட்டம் உண்டா? மனநல வைத்தியரிடம் சென்றதாகத் தெரிந்தால் ‘விசர்’ என்று பட்டஞ்சூட்டும் நம் ஊரிலே, பதவி உயர்வையும் இடமாற்றத்தையும் எண்ணி வாயை மூடிக்கொண்டிருப்போர் தொகையை யார் அறிவார்? வெள்ளையுடைத் தேவதைகள் என்றும், முன்னணிப் போராளிகள் என்றும் நாம் சூட்டிய பட்டங்கள் இம்மௌனத்தை இன்னும் இறுக்கிவிட்டன. தேவதை அழலாமா? போராளி களைக்கலாமா? புகழ்ச்சிக்குச் செலவில்லை, ஆதலால் அரசாங்கங்கள் அதனைத் தாராளமாக வழங்குகின்றன. மாலையும் பொன்னாடையும் கொண்டு சென்ற நம்மவர்களும் இதற்கு விலக்கல்லர். படம் பிடித்து முடிந்ததும் அந்தத் தாதி அதே உடைக்குள் மீண்டும் புகவேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்து வைத்தியசாலை ஊழியருக்கு இச்சுமை புதியதன்று என்பதையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். 1987 ஒக்டோபர் 21 ஆம் நாள், தீபாவளித் திருநாளிலே, இந்திய அமைதிப்படையினர் யாழ் வைத்தியசாலைக்குள்ளே புகுந்து வைத்தியர், தாதியர், ஊழியர், நோயாளர் என அறுபதுக்கு மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றனர். உயிர் தப்பியவர்கள் அதே விடுதிகளுக்குக் கடமைக்குத் திரும்பினார்கள். 2009 இலே புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்காகியபோது, புதுமாத்தளனிலே பள்ளிக்கூடக் கட்டடத்தில் மரத்தடியிலும் தரையிலும் காயக்காரருக்குச் சிகிச்சை அளித்தவர்கள் அரசாங்க ஊழியர்களே. அவர்களுட் சில வைத்தியர் பின்னர் அதே அரசாங்கத்தாற் கைதுசெய்யப்பட்டனர். அந்தக் காயங்களின் மேலேதான் கொரோனா வந்தது. அது ஓய்ந்து மூச்சு விடுமுன்னர், 2022 இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. மருந்தில்லை, நூலில்லை, மின்சாரமில்லை, கடமைக்கு வரப் பெற்றோல் இல்லை. சம்பளமற்ற விடுமுறையிலே வெளிநாடு செல்ல அரசாங்கமே கதவைத் திறந்துவிட, வைத்தியரும் தாதியரும் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். சென்றவர்களைத் துரோகிகள் என்று ஏசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. சம்பளத்துக்காக மட்டும் அவர்கள் செல்லவில்லை. மீண்டுமொரு முறை அந்த இரவுகளைத் தாங்க முடியாது என்றே பலர் சென்றனர் என நான் எண்ணுகின்றேன். எஞ்சி நிற்பவர்கள் இருவருடைய வேலையை ஒருவராகச் செய்கின்றனர்.

என்ன செய்யலாம் என்பதற்கு ரொறன்ரோ நமக்கு வழிகாட்டும். முன்னே சொன்ன ஆராய்ச்சியிலே இன்னொன்றும் வெளிப்பட்டது. தமக்குத் தக்க பயிற்சியும், பாதுகாப்பும், ஆதரவும் கிடைத்தன என்று உணர்ந்த ஊழியரிடத்தே துன்பம் குறைவாகவே இருந்தது. நீதிபதி ஆர்ச்சி காம்பெல் தலைமையில் அமைந்த விசாரணை ஆணைக்குழு ஊழியரையும் நோயாளரின் குடும்பத்தாரையும் அழைத்து, அவர்கள் வாயாலேயே கதையைக் கேட்டது. நோய் மீண்டும் தலைகாட்டுகிறது எனத் தாதியர் எச்சரித்தும் மேலதிகாரிகள் செவிகொடுக்கவில்லை என்னும் உண்மை அவ்வாறே வெளிவந்தது. இலங்கையில் 16 ஆயிரம் பேர் மாண்டனர். அத்தகைய விசாரணை ஒன்றைத் தானும் எந்த அரசாங்கமும் நடத்தவில்லை.

நெஞ்சுக்கு மருந்தளிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. போர்க்காலத்திலே மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் அவர்களும் அவரோடு உழைத்தவர்களும், ஆசிரியரையும் கிராமத் தொண்டரையும் பயிற்றி, மனவடுவுற்ற மக்களிடையே அனுப்பினர். சாந்திகம் போன்ற நிலையங்கள் யாழ்ப்பாணத்திலே உளவளத்துணைப் பணியைப் பல்லாண்டுகள் நடத்தின. ஆழிப்பேரலைக்குப் பின்னரும் 2009 க்குப் பின்னரும் இவ்வறிவு பயன்பட்டது. ஊருக்கெல்லாம் பயன்பட்ட அறிவு வைத்தியசாலைச் சுவருக்குள்ளே உழைப்பவருக்குப் பயன்படாமற் போனதுதான் விந்தை.

ஆகையால், தலைவர் அவர்களே, பின்வரும் தீர்மானத்தை இச்சபையின் முன் வைக்கின்றேன். ஒவ்வொரு போதனா வைத்தியசாலையிலும் ஆதார வைத்தியசாலையிலும் ஊழியருக்கென்றே தனியான உளவளத்துணைப் பிரிவு அமையவேண்டும். அங்கே தமிழிலும் சிங்களத்திலும் பேச இயலவேண்டும்; பேசியது மேலதிகாரியின் கோவைக்குச் செல்லக்கூடாது. அங்கே சென்றவருடைய பதவி உயர்வோ, இடமாற்றமோ, தொழில் அனுமதியோ அதனாற் பாதிக்கப்படக்கூடாது எனச் சட்டத்தாலே உறுதி செய்யப்படவேண்டும். தொற்றுநோய் விடுதியிலே இத்தனை நாள் கடமை செய்தால் இத்தனை நாள் சம்பளத்துடன் ஓய்வு என்பது மேலதிகாரியின் இரக்கத்திலே தங்காது விதியாகவேண்டும். இவையனைத்தும் நாட்கூலிச் சிற்றூழியருக்கும், துப்புரவுத் தொழிலாளருக்கும், தொண்டர்களுக்கும் ஒரே அளவில் உரியனவாகவேண்டும். 2020 முதல் 2022 வரை நடந்தவற்றை, கட்டாய எரியூட்டல் உட்பட, விசாரிக்கச் சுதந்திரமான ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, வைத்தியசாலை ஊழியர் அச்சமின்றிச் சாட்சியமளிக்க வழிசெய்யப்படவேண்டும். இத்தீர்மானத்தின் பிரதிகள் ஜனாதிபதிக்கும், சுகாதார அமைச்சருக்கும், வடக்குக் கிழக்கு மாகாண ஆளுநர்களுக்கும், நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்பப்படவேண்டும். வரும் வரவுசெலவுத் திட்ட விவாதத்திலே சுகாதார அமைச்சின் செலவினம் எடுத்துக்கொள்ளப்படும் நாளில் இதனை எழுப்புமாறு நம் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். தீர்மானத்தை வழிமொழியும் உரிமையை, இக்கூட்டத்திலே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிற்றூழியர் ஒருவருக்கு வழங்குமாறு தலைவர் அவர்களை வேண்டி, என் உரையை முடிக்கின்றேன்.